பிரித்துக் கட்டிய மால்ட் மூட்டையை நம்பி வாங்காதீர்கள்

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள், அதிலும் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) மூட்டைக்கணக்கில் வாங்கி வைக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் வாங்கியது ஒரு மூட்டை. தூக்கிப் போட்டது ஏறக்குறைய இரண்டு மூட்டை.

"இந்தப் பருவத்துச் சரக்கு, போன வாரம்தான் இறங்கிச்சு" என்றார் விற்றவர். 25 கிலோ பேல் மால்ட், அதாவது வெளிர் நிறப் பார்லி மால்ட். ஆனால் வந்தது ஆலை மூட்டை இல்லை, கையால் தைத்த வெறும் வெள்ளைச் சாக்கு. ஆலையிலிருந்து நேராக வரும் மூட்டையில் தொகுதி எண்ணும் தேதியும் இருக்கும். அந்த எண்ணை வைத்து அந்தத் தொகுதியின் ஈரப்பதம் முதலான சோதனை விவரங்களைக் கேட்டு வாங்கலாம். இதில் அப்படி எதுவும் இல்லையே என்றேன். "பெரிய பையிலேருந்து பிரிச்சுக் கட்டினது, அதான்" என்றார். விலையும் குறைவு. சரி என்று வாங்கிவிட்டேன்.

அடுத்து நான் செய்தது என் சொந்த முட்டாள்தனம். டிரம்மில் பாதி அளவுக்கு நல்ல பழைய மால்ட் கிடந்தது. புதிதை அதன் தலையிலேயே கொட்டினேன். கொள்ளாமல் மிஞ்சிய இரண்டு கிலோ மட்டும் வந்த சாக்கிலேயே கட்டி வேறு அறைக்குப் போனது.

முதல் காய்ச்சலிலேயே இடித்தது. 5 கிலோ மால்ட்டில் 23 லிட்டர் சாறு எடுத்தால், அதில் இறங்கிய சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் எனக்கு 1.050 காட்டும். இந்த முறை 1.041. தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டேன், மில்லின் இடைவெளியை மாற்றிப் பார்த்தேன். மில்லுக்குள் போன மணிகள் உடையாமல் அவல் மாதிரி தட்டையாகி வெளியே வந்தன. அப்புறம்தான் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். நல்ல மால்ட் பல்லில் பட்டதும் நொறுங்கும். இது நமுத்துப் போய் பல்லில் ஒட்டியது.

100 கிராமைக் கரகரப்பாகப் பொடித்து, 105 டிகிரி அடுப்பில் மூன்று மணி நேரம் வைத்து எடுத்தேன். 91 கிராம்தான் மிஞ்சியது, அதாவது 9 சதவீதம் ஈரம். நல்ல மால்ட்டில் 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25 கிலோவில் ஒன்றேகால் கிலோ மால்ட்டுக்குப் பதிலாகத் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறேன். விற்றவரிடம் சொன்னபோது வந்த பதில்: "எடை சரியாத்தானே இருந்துச்சு?"

ஐந்தாவது வாரம் டிரம்மைத் திறந்தால் மேலெல்லாம் கூன்வண்டு. இது மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து அடைத்துவிடும். வாங்கும்போது எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. கதகதப்பும் ஈரமும் இருந்தால் ஒரு மாதம் போல ஆனதும் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். கீழே இருந்த பழைய மால்ட்டும் போச்சு. பக்கத்தில் மூடி சரியாக இறுகாத டப்பாவில் இருந்த கோதுமை மால்ட்டையும் விடவில்லை.

படம் எடுத்து அனுப்பினேன். "உங்க வீட்டில ஏறியிருக்கும்" என்றார். வேறு அறையில் கட்டி வைத்திருந்த அந்த இரண்டு கிலோவைப் பிரித்தேன். அதிலும் வண்டு, ஓட்டை விழுந்த மணிகள். அந்தப் படத்தையும் அனுப்பினேன். "கொதிக்க வைக்கத்தானே போறீங்க, செத்துடும்" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு பதிலே இல்லை.

இப்போது எந்த மூட்டை வந்தாலும் முதலில் நாலைந்து இடத்தில் கைவிட்டு எடுத்துக் கடித்துப் பார்க்கிறேன். பிறகு சிறு பைகளாகக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம். மூட்டையை அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிடலாமே என்று நினைக்காதீர்கள், நடுவில் குளிர் போய்ச் சேர வெகுநாள் ஆகும். வெளியே எடுத்த பையை, அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்கவும் கூடாது. பிரித்தால் காற்றின் ஈரம் மணியில் வியர்த்துவிடும், ஈரத்துக்குப் பயந்து செய்த வேலை ஈரத்திலேயே முடியும். அதன் பிறகுதான் ரப்பர் வளையம் வைத்த திருகுமூடி வாளிகளுக்குப் போகிறது. ஒவ்வொரு வாளியிலும் ஒரே மூட்டையின் மால்ட், மேலே தேதி. உடைக்காத மால்ட் இப்படிக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் ஒரு வருடம் தாராளமாக இருக்கும். மில்லில் உடைத்ததை நான் வைத்திருப்பதே இல்லை, காய்ச்சுகிற அன்றுதான் உடைப்பது.

பிரித்துக் கட்டி விற்கிற எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. ஆலை மூட்டையின் சீட்டைப் படமெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். பழைய டிரம்மைக் காலி செய்து, கழுவி, வெயிலில் காய வைத்திருக்கிறேன். மூடியின் மடிப்பில் நேற்றுகூட ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.