ஒரே இன்டு_இட்டர், இரண்டு பதில்: ரஸ்ட் 2018-ஆ, 2021-ஆ?

கல்லணையில் தண்ணீர் நான்காகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரஸ்ட் நிரல்மொழி பழகிய நாளில், இந்த நான்கு பெயர்களை ஓர் அணியிலும் (அர்ரே) அவற்றின் கன அடி அளவுகளை இன்னோர் அணியிலும் வைத்து, உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இன்டு_இட்டர்() கொண்டு சுற்றி, அளவுகளைக் கூட்டிப் பார்த்தேன். அது ரஸ்டின் 2018 பதிப்பு (எடிஷன்). போன மாதம் திட்டத்தின் அமைப்பைச் சொல்லும் கார்கோ கோப்பில் அந்த எண்ணை மட்டும் 2021 என்று மாற்றினேன். ‘மொத்தம் += *அளவு’ என்ற வரியில் கம்பைலர் மறித்தது: அளவு வெறும் எண், ரெஃபரன்ஸ் (மதிப்பை ஒப்படைக்காமல் அதைச் சுட்டிக்காட்ட மட்டும் செய்வது) காட்டும் மதிப்பை எடுக்கும் நட்சத்திரம் அதற்கு முன்னால் எதற்கு?

காரணம், மெத்தடை (மதிப்பின் மேல் புள்ளி வைத்து அழைக்கும் செயல்பாட்டை) கம்பைலர் தேடும் வரிசை. அணி.இன்டு_இட்டர்() என்று எழுதினால், அணியை அப்படியே ஒப்படைத்தால் பொருந்தும் மெத்தட் உண்டா என்று கம்பைலர் முதலில் பார்க்கும். இல்லையென்றால் தானே & குறி சேர்த்து, ரெஃபரன்ஸாகக் கொடுத்துப் பார்க்கும். 2021 ஜூனில் 1.53 வெளியீடு வரும்வரை முதல் படியில் அணிக்கு எதுவும் இல்லை, கிடைத்ததெல்லாம் ரெஃபரன்ஸ். கிரயம் பேசிவிட்டுக் குத்தகைச் சீட்டை நீட்டிய கதை. (மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க முடிந்ததும் அதே 1.53-இல்தான்.)

முதல் படி நிரம்பியதும் பழைய நிரல்கள் உடையக்கூடும் என்பதால், 2015, 2018 பதிப்புகளில் மட்டும் அதைத் தாண்டிப் போகும்படி கம்பைலருக்கு ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். புள்ளி வைத்து அழைக்கும்போது மட்டுமே அது செல்லும். ‘ஃபார் அளவு இன் அளவுகள்’ என்று நேராக எழுதினால் 2018-இலும் மதிப்பே வரும். ஒரே கோப்பில் இப்படி இரண்டு நியாயம் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2018-க்கும் ஒரு சௌகரியம் உண்டு. ஸ்ட்ரிங்காக வைத்த ஆற்றுப் பெயர்களை ஒரு சுற்று ஓட்டிய பிறகும் அணி கையில் இருக்கும். 2021-இல் அது போய்விடும். அடுத்த சுற்றில் கம்பைலர் திட்டும். இருந்தாலும் என் ஓட்டு 2021-க்கே. பார்க்க மட்டும் வேண்டுமென்றால் இட்டர்() இருக்கிறது. எந்தப் பதிப்பிலும் அது ரெஃபரன்ஸ்தான் தரும்.

நட்சத்திரத்தை நீக்கினேன், பெயர்களுக்கு இட்டர்() போட்டேன், ஓடியது. 2024 பதிப்பில் பாக்ஸுக்குள் (ஹீப் நினைவகத்தில் மதிப்பை வைத்திருக்கும் வகை) இருக்கும் ஸ்லைஸுக்கும் (ஒரே வகை உறுப்புகளின் தொடர்) இதே மாற்றம் வந்திருக்கிறது. என் நிரலில் பாக்ஸே இல்லை.