அவென்யூ சாலை மாடிக்கடை: லாட்டரிப் பணத்தோடு போகத் தகுந்த இடமா?

பெங்களூரு அவென்யூ சாலையில், பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி வெள்ளிக் கடைகள் தொடங்கும் இடத்தில் பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில் இருக்கிற பழங்காசுக் கடைக்கு நான் பதினான்கு ஆண்டுகளாகப் போய் வருகிறேன். அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உரிமையாளரான பெரியவர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பெயரை நானும் சொல்லப்போவதில்லை. இத்தனை நாள் அதைப் பற்றி எழுதாமல் இருந்ததற்கு என் தன்னலமே காரணம், ஏனென்றால் நல்ல காசு வரும் நாளில் வேறொருவர் எனக்கு முன்னால் அந்தப் படிகளில் ஏறிவிடக் கூடாதே என்ற கவலை சேகரிப்பவர் எல்லாருக்கும் உண்டு. போன ஓணம் முடிந்து லாட்டரிக் குலுக்கலுக்கு முன்பு வந்த ஒரு சனிக்கிழமையை அங்கே கழித்த பிறகுதான் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

என் மைத்துனர் வேலை நிமித்தமாகப் பாலக்காட்டுக்குப் போகும்போது கேரள அரசின் ஓணம் பம்பர் சீட்டு ஒன்றை வாங்கி வருவார். ஐந்து பேர் பங்கு போட்டுக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2003-லும் கர்நாடகத்தில் 2007-லும் லாட்டரி தடைசெய்யப்பட்டுவிட்டதால் இந்த ஆசைக்குக் கேரளமே கதி. 2024-ல் அந்தப் பம்பரின் 25 கோடி ரூபாய் முதல் பரிசு மாண்டியா மாவட்டத்து மெக்கானிக் ஒருவருக்கு விழுந்த பிறகு, 500 ரூபாய்ச் சீட்டைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்த கேலி குறைந்து ஒருவித மரியாதையே வந்துவிட்டது. பரிசு விழுந்தால் வாங்கவேண்டிய காசுகள் என்று நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பெரியவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு ஒதுக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்; அவரோ கண்ணாடியை மாற்றிக்கொண்டு, கடைப் பையனைப் பை-டூ காபி வாங்கிவர அனுப்பிவிட்டு, கால்குலேட்டரை எடுத்தார்.

“முதலில் கழிக்கவேண்டியதைக் கழித்துவிட்டுப் பேசுவோம், தம்பி” என்றார். 25 கோடியில் ஏஜெண்ட் கமிஷன் பத்து சதவீதம், அதாவது இரண்டரைக் கோடி போகும். மீதி இருபத்திரண்டரைக் கோடியில் முப்பது சதவீத வருமான வரியைக் கொடுக்கும்போதே பிடித்துக்கொண்டால் கையில் 15 கோடியே 75 லட்சம் நிற்கும். அதற்கு மேல் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகள் தனி. ஐந்தில் ஒரு பங்கு என்று வகுத்தபோது என் கோடிகள் மூன்றைத் தொட்டுக்கொண்டு நின்றன. பொருளை விற்கப்போகிறவர் வாங்குகிறவனின் பணத்தைக் குறைத்துக் காட்டி வியாபாரத்தைத் தொடங்குவதை நான் வேறு எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

பட்டியலில் முதலிடம் முகலாய அரசர் ஜஹாங்கீரின் ராசி மொகர் என்ற தங்கக் காசுக்கு. 1618 முதல், மாதத்தின் பெயரை எழுதுவதற்குப் பதிலாக அந்த மாதத்தின் ராசி உருவத்தையே பொறிக்கச் செய்த அரசர் அவர். ஆக்ராவில் அடித்த தங்க மொகர்களில் சிங்கமும் நண்டும் தேளும் சிற்றோவியம் போல நிற்கும். இரண்டாவது, சிங்கத்தையும் பனை மரத்தையும் தாங்கிய 1835-ஆம் ஆண்டு நான்காம் வில்லியம் இரட்டை மொகர். இரண்டையும் பெரியவர் சில வாக்கியங்களில் முடித்துவிட்டார். ராசி மொகருக்குப் பிற்காலத்துப் போலிகள் ஏராளம் என்பதால் பழைய ஏலப் பட்டியல்களில் படத்தோடு வந்த காசைத் தவிர வேறொன்றைத் தொடக் கூடாது. இரட்டை மொகரில், பழைய அச்சுகளைக் கொண்டு நாணயச் சாலையே சேகரிப்போருக்காகப் பின்னாளில் அடித்துக் கொடுத்த ரீஸ்டிரைக்குகள் உண்டு என்பதால் எது முதல் அடி, எது பின் அடி என்று பிரிக்கத் தெரிந்தவர் துணை வேண்டும். “இந்த இரண்டுக்கும் நான் ஆள் இல்லை, பெரிய ஏலத்துக்குப் போ, காசுகளைப் பார்வைக்கு வைக்கும் நாளில் கூட வருகிறேன்” என்றார். கூட வருவதற்கு அவர் கட்டணம் வாங்குவதில்லை. போக வர ஆட்டோச் செலவை மட்டும் நாம் ஏற்கவேண்டும்.

அவருடைய உண்மையான திறமை மூன்றாவது வரியில் தெரிந்தது. அது 1939-ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் ஒரு ரூபாய். 11.66 கிராம் எடையும் 91.7 சதவீத வெள்ளியும் கொண்ட பழைய தரத்து ரூபாய்களில் அதுவே கடைசி. 1940-ல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டு, ஓரத்தில் பாதுகாப்பு விளிம்பும் வந்துவிட்டது. 1938-ஆம் ஆண்டு ரூபாய் சாதாரணமாகக் கிடைக்கும்போது அடுத்த ஆண்டினது அரிதாகிவிட்டதால், போலி செய்கிறவர்களுக்கு ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்றாகிவிட்டது. பெரியவர் இழுப்பறையிலிருந்து இரண்டு ரூபாய்களை எடுத்துத் துணியின் மேல் வைத்தார். இரண்டும் 1939. முதலாவது வார்ப்புப் போலி. தராசில் அரை கிராம் குறைந்தது, தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தபோது அடர்த்தி அந்தத் தரத்து வெள்ளிக்குரிய 10.3-ஐ ஒட்டி வராமல் ஒன்பதுக்குக் கீழே நின்றது. அது எனக்கே தெரிந்த சோதனைதான். இரண்டாவது காசு எடையிலும் தேறியது, தண்ணீரிலும் தேறியது, விளிம்பின் கோடுகளும் சரியாக இருந்தன, ஏனென்றால் அது அசல் அரசாங்க ரூபாய். பத்து மடங்கு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, கடைசி எண்ணின் இடது கீழ்ப்புறத்தை மட்டும் பார்க்கச் சொன்னார். எட்டின் கீழ் வளையத்தை ஒன்பதின் வாலாக்கச் சுரண்டிய இடத்தில், சுற்றியுள்ள தளத்தில் இருக்கும் பளபளப்பு அறுபட்டு, மயிரிழை போன்ற இரண்டு கீறல்கள் தெரிந்தன. தராசையும் தண்ணீரையும் நம்பி லட்சக்கணக்கில் கொடுப்பவர்கள் ஏமாறுவது இந்த இரண்டாவது வகையில்தான் என்பதைச் சொல்லாமலேயே புரியவைத்துவிட்டார். அவர் இவற்றை விற்பதற்கு வைத்திருக்கவில்லை. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே, ‘பள்ளிக்கூடம்’ என்று எழுதிய தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

நான்காவது வரியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த, அரசனின் தலையும் ‘மாக்கோதை’ என்ற தமிழ்ப் பிராமி எழுத்தும் கொண்ட சேரர் வெள்ளிக் காசு. தமிழ் பேசுகிற சேகரிப்பாளன் ஒருவனுக்கு அமெரிக்காவின் இருபது டாலர் தங்கக் காசை விடவும் அதுதான் கைக்கெட்டாத ஆசை. 1933-ஆம் ஆண்டின் அந்த அமெரிக்கக் காசு ஒன்று 2021-ல் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்று படித்தபோது வாய் பிளந்தேனே தவிர மனம் அசையவில்லை. பெரியவர் மாக்கோதைக்கு விலையே சொல்ல மறுத்தார். மண்ணிலிருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள், அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆற்று மணலில் சல்லடை போட்டவர் கையிலிருந்து நேரே வந்தது என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அந்தப் பெருமைதான் அந்தக் காசை வாங்கக் கூடாது என்பதற்கான காரணம் என்றார். யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த ஆண்டு, எந்தப் பட்டியலில் வந்தது என்ற தாள் இல்லாத மாக்கோதை ஒன்றை அவர் போன வருடமே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இதை அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைப்பவர்கள், சீசரைக் கொன்றதை நினைவுகூரப் புரூட்டஸ் அடித்த தங்கக் காசின் கதையை நினைத்துப் பார்க்கலாம். 2020-ல் லண்டன் ஏலத்தில் நாற்பது லட்சம் டாலருக்கு மேல் போன அந்தக் காசின் பூர்வீகத் தாள்கள் பொய் என்று தெரியவந்து, 2023-ல் அது கிரீஸ் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. காசு அசல்தான், தாள்தான் போலி. அத்தனை பணம் புரண்ட இடத்திலேயே அது நடந்திருக்கும்போது, மூன்று கோடியோடு புறப்படுகிற என்னைப் போன்றவனுக்குத் தடுத்து நிறுத்தும் கடைக்காரர் வாய்த்தது பேறு என்றே எண்ணுகிறேன்.

கடையில் உண்மையாகவே விற்பனைக்கு இருந்தது பட்டியலின் கடைசி வரி: திப்புவின் ‘ஹைதரி’ இரட்டை ரூபாய், பட்டண் என்று பெயர் பொறித்த ஸ்ரீரங்கப்பட்டண நாணயச் சாலையினது. ஆண்டு எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டிய அந்தக் கனத்த வெள்ளியை உள்ளங்கையில் வைத்தபோது, லாட்டரி விழாவிட்டாலும் கடன் வாங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விலை என் நான்கு மாதச் சம்பளம். பக்கத்துத் தட்டில், நான் கேட்காமலேயே, சென்னையில் 1808-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அடித்த கோபுர முத்திரை அரை வராகன் ஒன்றை வைத்தார். ஸ்பானிய டாலரின் மேலேயே அடித்த அந்த வெள்ளியில் பழைய டாலரின் எழுத்துகள் கோபுரத்துக்கு அடியில் நிழலாகத் தெரிந்தன. மறுபக்கத்தில் தமிழ் எழுத்தும் இருந்தது. என் பட்டியலில் அதை எழுதாமல் விட்டது என் அறியாமை.

குறைகளும் சொல்லவேண்டும். படிக்கட்டு குறுகல், வயதானவர்கள் ஏறுவது கடினம். உள்ளே ஒரே ஒரு குழல் விளக்குதான் இருப்பதால் வெள்ளியில் காலப்போக்கில் படியும் இயற்கைப் பூச்சையும் மருந்து போட்டுத் துலக்கியதையும் பிரித்தறிய முடியாது; சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும், அதுவும் மாலை நான்கு மணிக்குள். காசு வைத்திருக்கும் எந்த ஹோல்டரிலும் விலை எழுதியிருக்காது என்பதால், ஆளைப் பார்த்து விலை மாறுகிறதோ என்ற சந்தேகம் புதிதாக வருகிறவருக்கு நியாயமாகவே எழும். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கும் யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் திரும்பப் பெறப்பட்ட 1911-ஆம் ஆண்டு ரூபாயை நான் அங்கே வாங்கி, அது துலக்கப்பட்டது என்று வீட்டில் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தபோது, காசை முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார். பணத்தைத் தரவில்லை, வேறு காசு எடுத்துக்கொள்ளத்தான் சொன்னார். பில் கேட்டால் தருகிறார், கேட்காவிட்டால் தருவதில்லை. தாளின் அருமையை அவ்வளவு பேசுகிறவர் தாமே முந்திக்கொண்டு பில் எழுதவேண்டாமா என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். “கேட்கிறாயா என்று பார்க்கிறேன்” என்றார். அந்தப் பதில் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

குலுக்கல் முடிந்தது. எங்கள் சீட்டுக்கு 5,000 ரூபாய் விழுந்தது. அதைப் பாலக்காட்டு லாட்டரிச் சில்லறைக் கடையிலேயே மாற்றிக்கொண்டு மைத்துனர் ஆளுக்கு ஆயிரம் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை அந்த ஆயிரத்தோடு மாடி ஏறினேன். பெரியவர் தொகையைக் கேட்டுவிட்டு, ஹைதரி வைத்த அதே துணியை விரித்து, ராஜராஜன் செப்புக் காசுகள் நாற்பதை அதே நிதானத்தோடு கொட்டினார். நிற்கும் அரசன் ஒரு பக்கம், அமர்ந்த உருவமும் நாகரியில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற பெயரும் மறுபக்கம். ஒன்றரை மணி நேரம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, எழுத்து முழுதாகத் தெரிந்த இரண்டைப் பொறுக்கினேன். ஒன்று 450 ரூபாய், மற்றது 500. மீதி ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார். நான் பில் கேட்டேன்.