சில்கார்டு 184: காரைக்குடி வெயிலில் உறுப்புச் சில்லு வார்க்க வாங்கலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காரைக்குடி வட்டாரத்தில் ஸ்டெம் செல்லையும் உறுப்புச் சில்லையும் (நுண் வாய்க்கால்களில் மனிதச் செல்லை வளர்த்து ஓர் உறுப்பைப்போல இயங்கவைக்கும் சிறு சிப்) வைத்து மனித நோயைப் படிக்க இறங்கும் ஆய்வகம், சில்கார்டு 184 என்ற வார்ப்பு ரப்பரின் அரைக்கிலோ கிட் ஒன்றை வாங்கி, சிப்பைத் தானே வார்த்துப் பழகுவது நல்லது. இதயத் தசை, ரத்தக் குழாய், நுரையீரல் என்று இழுபடுகிற, ஓட்டம் படுகிற திசுக்களுக்கு இது அருமையான பொருள். ஆனால் எவ்வளவு மருந்து கொடுத்தால் எவ்வளவு விளைவு என்று அளக்கும் வேலைக்கு இதை நம்பி இறங்காதீர்கள். அதற்குக் காரணம் இந்தப் பொருளின் வேதியியலிலேயே இருக்கிறது.

கிட்டில் இரண்டு பாட்டில்கள்: பேஸ், க்யூரிங் ஏஜென்ட். எடைக்கு எடை 10:1 கலந்து சூடாக்கினால் தெளிவான, வளையும் சிலிக்கோன் ரப்பர் கிடைக்கும். பிடிஎம்எஸ் என்று ஆய்வகங்களில் சொல்வது இதைத்தான். 2010ல் ஹார்வர்டு வைஸ் நிறுவனத்தில் டான் ஹூ, டொனால்ட் இங்பர் குழு வெளியிட்ட நுரையீரல் சிப் இந்த ரப்பரால் ஆனது. நடுவில் 10 மைக்ரான் தடிமனில் துளையிட்ட சவ்வு, மேலே காற்று, கீழே திரவம், இரு பக்கமும் வெற்றிட அறைகள். வெற்றிடம் இழுக்கும்போது சவ்வு மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும். கண்ணாடியிலோ கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ இது நடக்காது.

ஆத்தங்குடியில் பூக்கல் (பூவேலைத் தரைக்கல்) செய்வதைப் பார்த்தவர்களுக்கு வார்ப்பு வேலையை விளக்கவே வேண்டாம். கண்ணாடிப் பலகையின் மேல் சட்டம் வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் நிரப்பி எடுத்தால், கல்லின் முகத்தில் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே இறங்கியிருக்கும். இங்கேயும் அச்சின் முகம்தான் சிப்பின் முகம். அச்சில் ஒரு தூசு இருந்தால் வாய்க்காலில் ஒரு குழி விழும். அந்தக் குழியில் குமிழி வந்து உட்காரும்.

அளவுகளுக்கு வருவோம். 90 மிமீ பெட்ரி தட்டில் 4 மிமீ தடிமன் வேண்டுமென்றால் 24 கிராம் பேஸும் 2.4 கிராம் க்யூரிங் ஏஜென்ட்டும் போதும். இந்தக் கணக்கில் சேதாரம் போக ஒரு கிட்டில் 15, 16 தட்டுகள் வார்க்கலாம். மூன்று நிமிடமாவது அடியும் ஓரமும் சுரண்டிக் கலக்க வேண்டும். சரியாகக் கலந்தால் பால்போல் நுரைத்து வெளுக்கும். கலவை தெளிவாகவே இருந்தால் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். டெசிகேட்டர் என்ற வெற்றிடக் குடுவையில் வைத்து 30 முதல் 45 நிமிடம் காற்றை இழுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் கலவை பொங்கி வரும், அதனால் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். பிறகு 65 டிகிரி ஓவனில் 4 மணி நேரம்.

நம் ஊர் வெயில் இங்கே குறுக்கிடும். கலந்த கலவை 25 டிகிரியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஊற்றும் பதத்தில் இருக்கும். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையில் அந்த நேரம் வெகுவாகக் குறையும். காற்று இழுத்து முடிப்பதற்குள் கெட்டியாகத் தொடங்கினால் குமிழி உள்ளேயே சிக்கிவிடும். ஆகவே கோடையில் காலையிலேயே வார்த்துவிடுங்கள், ஒரு தடவைக்கு ஒரு தட்டுக்கு மட்டும் கலக்குங்கள். மின்வெட்டைப் பற்றி மட்டும் இந்தக் கட்டத்தில் கவலை வேண்டாம். ஓவன் நடுவில் அணைந்தாலும் பாதகமில்லை, அறை வெப்பத்திலேயே 48 மணி நேரத்தில் இறுகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: சூடு கூடக் கூட ரப்பர் அதிகமாகச் சுருங்கும். 65 முதல் 80 டிகிரிக்குள் 1 முதல் 1.5 சதவீதம் வரை சுருக்கம் உண்டு. மேல்தட்டை ஒரு வெப்பத்திலும் கீழ்த்தட்டை வேறு வெப்பத்திலும் வார்த்தால் இரண்டு வாய்க்கால்களும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது.

இறுகாமல் பிசுபிசுவென்று நின்றால் பொருள் கெட்டுவிட்டது என்று திட்டாதீர்கள். இது பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது. கந்தகம், அமீன், டின் கலந்த கரிமச் சேர்மங்கள் ஆகியவை அந்தப் பிளாட்டினத்தை முடக்கிவிடும். லேடெக்ஸ் கையுறையில் கந்தகம் இருக்கிறது, ஆகவே நைட்ரைல் கையுறைதான் போட வேண்டும். ரெசின் 3டி பிரிண்டரில் எடுத்த அச்சில் வார்ப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்: அச்சைத் தொட்ட பக்கம் மட்டும் இறுகாமல் ஒட்டும். அச்சை ஐசோபுரொப்பனாலில் கழுவி, யுவி காட்டி, ஓவனில் நெடுநேரம் சுட்டு, மேலே ஒட்டாமல் தடுக்கும் ஃபுளோரோசிலேன் ஆவி பூசினால் பெரும்பாலும் சரியாகும். சிலிக்கான் வேஃபரில் எஸ்யு-8 என்ற ஒளியுணர் பிசினால் எடுத்த அச்சு வாங்க முடிந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. சிலேன் பூச்சு மட்டும் மறக்கக் கூடாது, மறந்தால் ரப்பரை உரிக்கும்போது அச்சும் பிய்ந்து வரும்.

வார்த்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டும் வேலைக்கு ஆக்ஸிஜன் பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) 30 முதல் 60 வினாடி. அதிக நேரம் காட்டினால் அதிகம் ஒட்டும் என்பது தவறு; மேற்பரப்பு கண்ணாடிபோல் கெட்டியாகி வெடிக்கும், ஒட்டு பலவீனமாகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துண்டுகளை 65 டிகிரியில் பத்து நிமிடம் உலர்த்திவிட்டுக் காட்டுங்கள். எடுத்த ஒரு நிமிடத்துக்குள் ஒட்டி, 80 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு தாமதிக்காமல் வாய்க்காலில் நீரை நிரப்பிவிடுங்கள். பிளாஸ்மா பட்ட ரப்பர் நீரை இழுக்கும், விட்டுவைத்தால் மறுபடி நீரை விலக்கும் குணத்துக்குத் திரும்பிவிடும். இடையில் வைக்கும் பாலிகார்பனேட் சவ்வு பிளாஸ்மாவால் மட்டும் ஒட்டாது. ஏபிடிஇஎஸ் என்ற சிலேனின் 5 சதவீதக் கரைசலில் 80 டிகிரியில் 20 நிமிடம் முக்கி எடுத்த பிறகே ரப்பரோடு பிணையும். தடுப்புச் சுவராகத் திசு வேண்டுமென்றால் 0.4 மைக்ரான் துளை. வெள்ளை அணுக்கள் கடந்து போவதைப் பார்க்க வேண்டுமென்றால் 3 அல்லது 8 மைக்ரான்.

அடுத்தது ஓட்டம். பெரும்பாலானோர் தப்புக் கணக்குப் போடும் இடம் இது. 1 மிமீ அகலம், 0.2 மிமீ உயரம், 20 மிமீ நீளமுள்ள வாய்க்கால் கொள்வது வெறும் 4 மைக்ரோலிட்டர். மணிக்கு 30 மைக்ரோலிட்டர் விட்டால் செல்லுக்குச் சாப்பாடு போகும். ஆனால் ரத்தக் குழாய்ச் செல்லுக்கு வேண்டியது சாப்பாடு மட்டுமல்ல, ஓட்டம் அதை உரசி இழுக்கும் விசையும்தான். அந்த விசை ஓட்டத்துக்கு நேர் விகிதத்திலும், உயரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும் மாறும். 30 மைக்ரோலிட்டர் ஓட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 0.01 டைன்கூட (டைன் என்பது விசையின் அலகு) வராது. 5 டைன் வேண்டுமென்றால் மணிக்கு ஏறத்தாழ 17 மில்லி விட வேண்டும், ஒரு நாளைக்கு 400 மில்லிக்கு மேல்! சிரிஞ்ச் பம்பில் ஒருவழியாக ஓட்டினால் மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) செலவு தாங்காது. பெரிஸ்டால்டிக் பம்பில் சுற்றவிட வேண்டும், இல்லாவிட்டால் வாய்க்காலின் உயரத்தைப் பாதியாக்க வேண்டும், தேவை நாலில் ஒன்றாகிவிடும். 200 மைக்ரான் என்று நினைத்து வார்த்தது 180ஆக வந்திருந்தால் விசை 23 சதவீதம் கூடிப்போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு அச்சிலும் ஒரு சிப்பைக் குறுக்கே வெட்டி, மைக்ராஸ்கோப்பில் உயரத்தை அளந்து எழுதிவையுங்கள்.

குமிழிதான் இந்த வேலையில் பெரிய எதிரி. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மீடியத்தில் காற்று அதிகம் கரைந்திருக்கும். 37 டிகிரி இன்குபேட்டருக்குள் போனதும் அது குமிழியாக வெளிவரும். ஒரு குமிழி வாய்க்காலைக் கடந்தால் அது போன தடத்தில் செல் இருக்காது. மீடியத்தை 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, வெற்றிட ஃபில்டரில் வடித்து, உடனே ஏற்றுங்கள். புதிய சிப்பை முந்தின இரவே பிபிஎஸ் என்ற உப்புத் தாங்கல் கரைசலில் ஊறப்போடுங்கள். ரப்பர் நீராவியையும் கடத்தும் என்பதால், இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டு வற்றினால் 4 மைக்ரோலிட்டர் வாய்க்காலில் உப்பு கெட்டிப்படும், செல்கள் சுருங்கும். மின்வெட்டு இங்கே உண்மையான ஆபத்து. இன்குபேட்டர் ஜெனரேட்டரில் இருந்தால் மட்டும் போதாது, பம்புக்கும் தனி யுபிஎஸ் வேண்டும்.

இனி செல்கள். சிப் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், உள்ளே போகும் செல் சரியில்லை என்றால் அது வெறும் ரப்பர் துண்டு. நோயாளியின் தோல் அல்லது ரத்தச் செல்லை ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006ல் எலியிலும் 2007ல் மனிதரிலும் காட்டிய நான்கு காரணிகளால் பின்னோக்கித் திருப்பினால், எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய ஐபிஎஸ் செல் கிடைக்கும். அதற்கு நிறுவன அளவிலான ஸ்டெம் செல் ஆய்வுக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். முதல் காலனி தெரிய 3, 4 வாரம். சோதித்து உறுதிசெய்த வரிசை கையில் வர மாதங்கள் ஆகும். 10 முதல் 15 பாசேஜுக்கு (செல்லைப் பிரித்துப் புதுத் தட்டில் மாற்றும் முறைகள்) ஒருமுறை குரோமோசோம் பாருங்கள், மைக்கோபிளாஸ்மா கிருமி இருக்கிறதா என்று பிசிஆர் சோதனை மாதாமாதம் போடுங்கள்.

இந்தத் தொழில்நுட்பம் நமக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேருக்கு இருப்பதாகவும், இதயத் தசை நோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகவும் 2009ல் வெளியானது. நம் மக்களின் செல்லில் படிக்க வேண்டிய நோய் இது. வழியும் தெரிந்ததுதான்: இதயத் தசையைப் பாதிக்கும் மரபணு நோயான பார்த் சிண்ட்ரோம் உள்ளவர்களின் ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த இதயத் தசை சிப்பில் வலுவில்லாமல் சுருங்குவதை 2014ல் காட்டினார்கள். நோயாளியின் செல்லோடு, அதே செல்லில் கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு பிழையைத் திருத்திய ஜோடியையும் ஓட்டுங்கள். அந்த ஜோடி இல்லாமல் கிடைக்கும் வித்தியாசம் நோயால் வந்ததா, ஆளுக்கு ஆள் மாறுவதா என்று சொல்லவே முடியாது.

இதயச் செல்லாக மாற்ற தொடங்கும் நாளில் சிஎச்ஐஆர் என்ற சிறு மூலக்கூறு 6 முதல் 12 மைக்ரோமோலார், மூன்று நாள் கழித்து ஐடபிள்யுபி-2 என்ற இன்னொன்று 5 மைக்ரோமோலார். 8 முதல் 12 நாளுக்குள் துடிக்கத் தொடங்கும். இந்த மாற்றத்தைத் தட்டிலேயே முடித்துவிட்டு, துடிக்கும் செல்லைப் பிரித்து சிப்பில் ஏற்றுங்கள். கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளை ரப்பர் குடித்துவிடும் என்பதால், சிப்புக்குள்ளேயே மாற்றப் போனால் நீங்கள் விட்ட அளவு செல்லுக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற உறுதி இருக்காது. ரத்தக் குழாய்ச் செல்லுக்கு மில்லிக்கு 50 லட்சம் என்ற அடர்த்தி சரியாக வரும்: 4 மைக்ரோலிட்டரில் 20,000 செல், தரைக்குப் பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம். ஏற்றுவதற்கு முன் செல் ஒட்ட உதவும் ஃபைப்ரோநெக்டின் புரதம் 50 மைக்ரோகிராம்/மில்லி பூசி இரவு முழுக்க வையுங்கள். சவ்வின் அடிப்பக்கம் ஒட்ட வேண்டுமானால் சிப்பைக் கவிழ்த்து இரண்டு மணி நேரம் விடுங்கள்.

முதலில் சொன்ன குறை இதுதான், இதை மறைக்கக் கூடாது. எண்ணெய்த்தன்மை உள்ள மருந்தை, logP (எண்ணெயில் கரையும் தன்மையின் அளவு) 2.5க்கு மேல் போனால் குறிப்பாக, இந்த ரப்பர் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு மெல்லக் கக்கும். ஈஸ்ட்ரோஜன்போன்ற ஹார்மோன்களும் இதில் சிக்கும். செல் இல்லாத சிப்பில் மருந்தை ஓட்டி, வெளிவரும் நீரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்காமல் ஒரு மருந்து ஆய்வையும் தொடங்காதீர்கள். இறுகாமல் மிஞ்சிய சிலிக்கோன் துணுக்குகளும் மீடியத்தில் கசியும். எத்தனாலில் ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி சுட்டு எடுத்தால் குறையும். இதற்காக பிடிஎம்எஸ் சிப்பே உதவாது என்று ஒதுக்கவும் வேண்டாம். 2022ல் வெளியான கல்லீரல் சிப் ஆய்வு 870 சிப்களில் 27 மருந்துகளைச் சோதித்து, கல்லீரலைக் கெடுப்பவற்றில் 87 சதவீதத்தைக் கண்டுபிடித்தது, பாதுகாப்பான எதையும் தவறாகக் குற்றம்சாட்டவில்லை. இந்தியாவில் 2023ல் திருத்திய புதிய மருந்து விதிகளும் உறுப்புச் சில்லை விலங்குச் சோதனைக்கு மாற்று வழிகளில் ஒன்றாக ஏற்றிருக்கின்றன. மருந்து மட்டுமே உங்கள் வேலை என்றால் சிஓசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த சிப் வாங்குங்கள். அது மருந்தை அவ்வளவாகக் குடிக்காது, ஆனால் இழுபடாது, ஆக்ஸிஜனும் கடத்தாது. மீடியம் வழியாகத்தான் ஆக்ஸிஜன் போக வேண்டும்.

காரைக்குடிக்கு ஒரு தனி வசதி உண்டு. 1953 முதல் மின்வேதியியலுக்கென்றே இயங்கும் மத்திய ஆய்வு நிறுவனமான சிக்ரி இந்த ஊரில்தான் இருக்கிறது. தடுப்புச் சுவரின் இறுக்கத்தை மின்தடையாக அளக்கும் டீர் அளவீட்டுக்கு மின்முனை அறிந்தவர்களின் கை தேவை. ஒல்லியான வாய்க்காலில் மின்னோட்டம் சீராகப் பரவாது; வாய்க்காலின் நுழைவாயிலில் சொருகிய இரண்டு கம்பியில் எடுத்த எண் நம்பத்தக்கதல்ல. சவ்வின் இரு பக்கமும் நான்கு முனை வைத்து, செல் இல்லாத சிப்பின் அளவைக் கழித்துத்தான் எழுத வேண்டும். ரப்பரை வார்க்கும்போதே பிளாட்டினக் கம்பியை உள்ளே பதித்துவிடலாம், அதற்கும் சில்கார்டு நன்றாக இடம் கொடுக்கிறது.

எங்கள் மதிப்பெண்: வார்க்கும் எளிமைக்கு 5க்கு 4, செல்லோடு ஒத்துப்போவதற்கு 4, மருந்து வேலைக்கு 2. கிட் ஆர்டர் போடும்போதே நைட்ரைல் கையுறை, 1 மிமீ பயாப்ஸி பஞ்ச் பத்து, ஸ்காட்ச் டேப் ஒரு சுருள் சேர்த்துப் போடுங்கள். மழுங்கிய பஞ்ச் துளையின் ஓரத்தைக் கிழிக்கும், அங்கிருந்துதான் கசியும்.