செட்டிநாட்டு ஹோட்டல் ஒன்றில் தையல் அருமை, தையல்காரி கதைதான் சுமார்

கானாடுகாத்தான் பக்கம் நகரத்தார் (செட்டியார்) வீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கும் இடங்கள் இப்போது நிறைய இருக்கின்றன, அதில் ஒன்றில் தங்கிவிட்டு வந்தேன். பெயர் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அதனால் தொந்தரவு வரக் கூடாது. அறை, சாப்பாடு பற்றியெல்லாம் ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். ஆத்தங்குடிக் கல் தரை, பர்மா தேக்குத் தூண், காலையில் வெள்ளைப் பணியாரம், மதியம் இலைச் சாப்பாடு, ஒன்றும் சொல்வதற்கில்லை, நன்றாகவே இருந்தது. நான் எழுத வந்தது இரண்டாம் கட்டு முற்றத்தின் ஓரமாக இருக்கும் தையல் அறையைப் பற்றி.

அங்கே ஒரு அக்கா இருக்கிறார். தலையணை உறை, திரைச்சீலை கிழிந்தால் தைப்பதற்காக ஹோட்டலில் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள், தங்க வருபவர்கள் துணி கொடுத்தால் அதையும் தைத்துத் தருகிறார். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை எடுத்துவிட்டு ஊருக்குப் போய் ரவிக்கை தைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இவரிடம் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். கண்டாங்கி தடிமனான பருத்தி, நம்மூர் டெய்லர் பலர் அதை நேராக மிஷினில் ஏற்றிவிடுவார்கள், முதல் சலவையிலேயே கை இறுக்கிப் பிடிக்கும். இவர் துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் கத்திரிக்கோலையே எடுத்தார். அடுத்தது கட்டம். முதுகுத் தையலில் இடது பக்கக் கட்டமும் வலது பக்கக் கட்டமும் கோடு பிசகாமல் சேர வேண்டும், இல்லையென்றால் பின்னால் நின்று பார்ப்பவருக்கு ரவிக்கை கோணலாகத் தெரியும். அதற்காகத் துணி கொஞ்சம் வீணாகும் என்று முன்கூட்டியே சொல்லி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினார். கைக்குழி கச்சிதம். உள்தையலில் தாராளமாகத் துணி விட்டிருக்கிறார். "உள்ள துணி கெடக்கும்மா, உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே டேப்பைச் சுருட்டிவைத்தார், அதில் கிண்டலும் இல்லை ஆறுதலும் இல்லை, தொழில் பேச்சு அவ்வளவுதான்.

இது வரைக்கும் ஐந்துக்கு ஐந்து.

இனி குறை. அறையில் மேசைமேல் ஒரு சின்னக் கதைப் புத்தகம் வைத்திருக்கிறார்கள், வழவழ தாளில், ஹோட்டலே அச்சடித்தது. 1930-களில் இந்த வீடு ஒரு ஹோட்டலாக இருந்ததாம், அதில் வேலை பார்த்த தையல்காரிதான் வீட்டு ஆச்சிக்கு உயிர்த்தோழியாம், ஆச்சி தன் ரகசியத்தையெல்லாம் அளவு கொடுக்கும்போது அவளிடம் கொட்டுவாராம். சரித்திரக் கதை என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. எனக்குச் சரித்திரக் கதைகள் பிடிக்கும், கற்பனைக்கு இடம் கொடுத்துத்தான் படிப்பேன், ஆனால் இந்த ஊரைத் தெரிந்த யாருக்கும் இது தொண்டையில் இறங்காது. அந்தக் காலத்தில் செட்டிநாட்டுக்கு வந்தவர் உறவுக்காரர் வீட்டிலோ சத்திரத்திலோ தங்கியிருப்பார். ஆச்சிமார் குடியிருக்கும் வீட்டை ஹோட்டலாக நடத்துவதா? பழைய தலைமுறை ஆச்சிகள் பலர் ரவிக்கை இல்லாமலேயே கண்டாங்கி கட்டியவர்கள், வாரம் ஒருமுறை எதற்கு அளவு கொடுக்கப் போகிறார்கள்? அப்புறம் தையல் மிஷினில் உட்கார்ந்தவர்கள் அன்றைக்குப் பெரும்பாலும் ஆண்கள். வெள்ளைக்காரர் தங்கிய ஹோட்டல் வராந்தாக்களிலும் மிஷினோடு உட்கார்ந்திருந்தது ஆண் தையல்காரர்கள்தான். ஹோட்டல்தான் வேண்டும் என்றால் கதையைச் செட்டியார்கள் வட்டித் தொழில் செய்த பர்மாவின் ரங்கூனுக்குக் கொண்டுபோயிருக்கலாமே, ஸ்ட்ராண்ட் ஹோட்டல் 1901-லேயே திறந்துவிட்டது, செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் அங்கே முகல் தெருவில் இருந்தன, எழுத எவ்வளவோ இருக்கிறது.

சரி, இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். என்னால் ஒத்துக்கொள்ள முடியாதது வேறு. அந்தத் தையல்காரிக்கென்று கதையில் ஒரு கஷ்டமும் கிடையாது. குழந்தை உண்டா, கூலி எவ்வளவு, அந்த வீட்டில் எந்த வாசல் வழியாக வந்து போவாள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாள், ஒன்றும் தெரியாது. ஆச்சி அழுதால் கண்ணைத் துடைப்பாள், ஆச்சி கோபப்பட்டால் நூலைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். ஒருத்தி பேச, இன்னொருத்தி காது மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் தோழியா?

உண்மையிலேயே அப்படி ஒரு தையல்காரி இருந்தார், அமெரிக்காவில். எலிசபெத் கெக்லி, ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரிக்கு உடை தைத்தவர். 1818-இல் அடிமையாகப் பிறந்து, தன் மகனுக்கும் தனக்கும் சேர்த்து 1,200 டாலர் கொடுத்து 1855-இல் விடுதலை வாங்கியவர். அந்த மகன் 1861-இல் போரில் செத்துப்போனான், அடுத்த வருஷம் மேரியின் மகன் வில்லி காய்ச்சலில் போனான், துக்கம் இரண்டு பக்கமும் இருந்தது. லிங்கன் இறந்த பிறகு மேரிக்குப் பணமுடை. 1867-இல் பழைய உடைகளை விற்க நியூயார்க் போய், வேறு பெயரில் ஒரு ஹோட்டலில் தங்கினார், துணைக்கு கெக்லி. கறுப்பினத்தவர் என்பதால் கெக்லிக்கு மேரி இருந்த மாடியில் அறை கிடையாது என்றார்கள், கடைசியில் இரண்டு பேருமே உச்சி மாடிச் சின்ன அறைகளுக்கு ஏறினார்கள், அன்று ராத்திரி கெக்லிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பாடும் கிடைக்கவில்லை. மறு வருஷம் கெக்லி தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார், மேரியின் கடிதங்களும் அதில் அச்சாகிவிட்டன, நட்பு அதோடு முறிந்தது. ஹோட்டல், தையல்காரி, தோழி, மூன்றும் இதில் இருக்கிறது, கூடவே யார் எந்த மாடியில் படுக்கலாம் என்ற கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கை விட்டுவிட்டு எழுதினால் விளம்பரத் தாள்தான் மிஞ்சும்.

நம் ஊரிலும் கணக்குக்குப் பஞ்சமா என்ன? கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஆண்கள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்குக்குப் போனவர்கள், அவ்வளவு காலமும் வீட்டில் பெண்கள்தான். 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதத்திலிருந்து சில வருஷங்களில் 25 சதவீதமாகிவிட்டது. பணம் போய் நிலமாக வந்து மாட்டிக்கொண்டது, 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் அதையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. அந்த வருஷங்களில் ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு எத்தனை சேலை எடுத்தார்கள், எதைப் பிரித்து மறுபடி தைத்தார்கள் என்று பார்த்திருந்த ஒருவர், கடைக் கணக்குப்பிள்ளைக்கு முன்னாலேயே வீட்டு நிலவரத்தைத் தெரிந்துவைத்திருப்பார். அப்படி ஒரு கதையை எழுதுங்கள், நானே காசு கொடுத்து வாங்குகிறேன்.

இதை அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். புத்தகத்தை அவர் படித்திருக்கிறார். "அந்தப் பொண்ணு எப்பப் பாத்தாலும் தச்சுக்கிட்டே இருக்கா, பாபின்ல நூல் தீரவே தீராதா" என்று கேட்டார், நான் மேலே எழுதிய எல்லாவற்றையும்விட அது நல்ல விமர்சனம். தன் மகள் பாலிடெக்னிக் கட்டணம், மூட்டு வலி, சாயங்காலம் பஸ் தவறினால் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டியிருப்பது, எல்லாம் பேசினார். இதற்கு முன் தங்கிய சினிமாக்காரர்களைப் பற்றி எவ்வளவு நோண்டியும் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னதும் வெளியே போகாது என்று நம்புகிறேன்.

நிர்வாகத்துக்கு இரண்டு விஷயம். தையல் அறையில் ஒற்றை பல்பு, பழைய வீட்டுச் சூழல் என்று மங்கலாகவே வைத்திருக்கிறீர்கள், கண் போகிற வேலைக்கு நல்ல வெளிச்சம் போட்டுக் கொடுங்கள். அந்தக் கதைப் புத்தகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தையல் கூலிப் பட்டியலை வையுங்கள்.

போகிறவர்களுக்கு: வந்து இறங்கிய அன்றே துணியைக் கொடுத்துவிடுங்கள், நனைத்துக் காய நேரம் வேண்டும். அளவு ரவிக்கை ஒன்று கையோடு கொண்டுபோங்கள், லைனிங் துணியும் காரைக்குடியிலேயே வாங்கிவிடுங்கள், ஹோட்டலில் கிடைக்காது. சாதா ரவிக்கைக்கு 450 ரூபாய், லைனிங் வைத்தால் 700. சேலைக்கு பால்ஸ் வைத்து ஓரமும் அடித்துத் தருவார். கூலி அறை வாடகையோடு சேர்ந்து ஹோட்டல் பில்லில்தான் ஏறும், அதனால் அவருக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் நேராகக் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.