பளபளக்கும் ரேயானா, புரட்டித் தைத்த பருத்தியா?

ஹவாய்த் தீவுகளில் இதற்குப் பெயர் அலோஹா சட்டை. ‘ஹவாயன் சட்டை’ என்பது வெளியூர்க்காரர்கள் வழக்கம். பனை, செம்பருத்தி, அலை, மீன் என்று எதை அச்சிட்டாலும் அந்தப் பெயரில் விற்றுவிடுகிறார்கள். அவற்றில் மலிவான பாலியெஸ்டர் ரகங்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. வியர்வை உள்ளேயே தங்கிவிடும். ஆசைப்பட்டு வாங்குகிறவர் யோசிக்க வேண்டியது இரண்டைத்தான்: பழைய பாணி ரேயான், துணியின் உட்புறத்தை வெளியே வைத்துத் தைக்கும் ரிவர்ஸ் பிரிண்ட்.

மூத்தது முதல் வகையின் மரபு. 1930களில் ஹவாயின் தலைநகரான ஹோனலுலுவில், ஜப்பானிய உடையான கிமோனோவுக்குரிய துணியில் சட்டை தைத்துக் கொடுத்த கடைகள் இருந்தன. முசா-ஷியா என்ற தையல் கடை 1935இல் ‘அலோஹா சட்டை’ என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தது. சில காலத்துக்குள் கிங்-ஸ்மித் துணிக்கடையின் எல்லரி சன் அந்தப் பெயரை வணிகப் பெயராகப் பதிவு செய்தார். கண்டுபிடித்தவர் என்று ஒருவரை மட்டும் கைகாட்ட எனக்கு மனம் வரவில்லை. சீன வணிகர்கள், ஜப்பானியத் தையற்காரர்கள், துணி எடுத்துக் கொடுத்துத் தைக்கச் சொன்ன உள்ளூர் இளைஞர்கள் எல்லோருக்கும் இதில் பங்குண்டு.

முதலில் இந்தச் சட்டைகளில் இருந்தவை கொக்கு, மூங்கில், ஃபூஜி மலை போன்ற ஜப்பானியச் சித்திரங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து துணி வருவது நின்றதும் தீவின் சொந்தக் காட்சிகள் முன்னுக்கு வந்தன. போருக்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ரேயானின் பொற்காலம். மரக்கூழிலிருந்து செய்யப்படும் இந்த இழை சாயத்தை ஆழமாக உறிஞ்சும். பட்டுப்போல் தோளிலிருந்து வழிந்து விழும். அச்சில் ஒரு அலை வரைந்தால் நடக்கும்போது அந்த அலையும் அசையும். 1948இல் தொழில் தொடங்கிய ஆல்ஃபிரட் ஷாஹீன் பிற்பாடு துணி அச்சிடும் வேலையையும் ஹோனலுலுவிலேயே செய்தார். மரப்பட்டையை அடித்துச் செய்யும் தாபா துணியின் கோலங்களைச் சட்டைக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. 1961இல் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரஸ்லி ஓர் இசைத்தட்டு உறையில் போட்டிருக்கும் சிவப்புச் சட்டை ஷாஹீனுடையது.

ரேயானின் குறை தண்ணீரில் தெரியும். நனைந்தால் அந்த இழை வலுவிழந்துவிடும். துவைக்கிற கல்லில் அடித்தாலும் முறுக்கிப் பிழிந்தாலும் சட்டை உருக்குலையும். குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி நிழலில் காயப்போட வேண்டும். சுருங்கவும் செய்யும் என்பதால் அளவு பார்த்து வாங்க வேண்டும்.

ரிவர்ஸ் பிரிண்ட் 1960களில் பிறந்தது. அதற்குப் பேர்போன சட்டை நிறுவனம் ரெய்ன் ஸ்பூனர்; ரெய்ன் மெக்கலாவும், ஹோனலுலுவின் வைகிகி கடற்கரையில் நீச்சல் கால்சட்டை தைத்துவந்த ரூத் ஸ்பூனரும் தந்த பெயர் அது. வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் வெளுத்த சட்டையைத்தான் அலைச்சறுக்கு இளைஞர்கள் விரும்பினார்கள். அச்சிட்ட பக்கம் உடம்பைத் தொடும்படி தைத்தபோது அந்த வெளுத்த நிறம் புதுச் சட்டையிலேயே கிடைத்தது. துணி பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது, அதனால் அதிகம் கசங்காது. காலரைப் பொத்தான் போட்டு இறுக்கலாம். பாலியெஸ்டர் கலந்திருந்தும் இதை நான் ஒதுக்காததற்குக் காரணம், பருத்தி அதில் தன் வேலையைச் செய்கிறது.

அலுவலகக் கதவு திறந்த காலமும் அதுவே. 1962இல் ஹவாய் ஆடைத் தொழில் சங்கம் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் இருந்த ஒவ்வொரு உறுப்பினருக்கும் இரண்டு அலோஹா சட்டைகள் கொடுத்தது. 1966இல் ‘அலோஹா வெள்ளி’ பிறந்தது: வாரக் கடைசி வேலை நாளில் கோட்டும் டையும் வேண்டாம். கண்ணைக் குத்தாத ரிவர்ஸ் பிரிண்ட் அந்த மேசைகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. வங்கியிலும் நீதிமன்ற வளாகத்திலும் போட்டுக்கொண்டு போக எதை எடுக்கலாம் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். அடிக்கடி துவைக்க வேண்டியவருக்கும் இதுவே சரி.

ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் கை ரேயான் பக்கம்தான் போகும். வெளுத்த நிறம் அழகுதான். ஆனாலும் ஓவியர் தீட்டிய சிவப்பை அதே ஆழத்தில் பார்ப்பதற்காகத்தானே இந்தச் சட்டையைத் தேடுகிறோம்? முதுகு முழுவதும் ஒரே காட்சியாக விரியும் அச்சு, பருத்திக் கலப்பில் பாதி உயிரோடுதான் வரும்.

எதை எடுத்தாலும் கடையில் முதலில் இடது மார்புப் பையைப் பாருங்கள். பைத் துணியில் இருக்கும் இலை சட்டையில் இருக்கும் இலையோடு கோடு பிசகாமல் சேர வேண்டும். அப்படிச் சேர்க்கத் துணி கூடுதலாக வெட்ட வேண்டும், தைப்பவருக்கு நேரமும் பிடிக்கும். பாதியில் அறுந்த பூ பையில் தெரிந்தால், அந்தச் சட்டையை அப்படியே மாட்டிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.