ஒரு கோப்புக்குள் இன்னொரு விண்டோஸ்

பழைய கணக்கு மென்பொருளுக்காகத் தனி விண்டோஸ் தேவைப்பட்டது. டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கப் பயம். சிங்கப்பூர் தேக்காவுக்குப் போகிற வழியில், கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் ஏறினேன். கடைக்காரத் தம்பி, "பார்ட்டிஷனே வேண்டாம்ண்ணே, ஒரு ஃபைல் போதும்" என்றார். 60 ஜிபி விஎச்டிஎக்ஸ் கோப்பு (தனி டிஸ்க் போலவே நடந்துகொள்ளும் கோப்பு) ஒன்றை உருவாக்கி, அதற்குள் விண்டோஸை இறக்கி, பிசிடிபூட் கட்டளை போட்டு, கணினி தொடங்கும்போது எந்த விண்டோஸ் என்று கேட்கும் பூட் மெனுவில் சேர்த்துவிட்டார். விர்ச்சுவல் மெஷின் (ஒரு விண்டோஸுக்குள்ளேயே இன்னொன்றை ஓட்டுவது) மாதிரி இழுவை இல்லை, ரேம் முழுவதும் அதற்கே. 80 வெள்ளி, தகும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். அது உள்ளே போடப் போட வளரும் வகைக் கோப்பு. பார்த்தால் 18 ஜிபிதான். பூட் ஆகும்போது முழு 60 ஜிபிக்கும் இடம் கேட்கும். மகளின் கல்யாண வீடியோவை டிஸ்கில் கொட்டினேன், இடம் போதாமல் மறுநாள் காலை விண்டோஸ் ஏறாமல் நீலத்திரைப் பிழை! வீடியோவை வெளி டிஸ்குக்கு மாற்றியதும் சரியானது. ஹைபர்னேட்டும் (வேலையை அப்படியே டிஸ்கில் சேமித்துக் கணினியை அணைப்பது) இதில் கிடையாது. அது எனக்குத் தேவையுமில்லை.