நுகர்வோர் சட்டப் பயிற்சி என்று பணம் கேட்டால் கட்டாதீர்கள்: ஏற்காட்டிலிருந்து ஓர் எச்சரிக்கை

சேலம், ஏற்காடு பக்கம் மகளிர் குழு, அங்கன்வாடி, தொண்டு நிறுவனம் என்று மக்களோடு வேலை பார்க்கிற எல்லோரும் இதைக் கொஞ்சம் படியுங்கள். "சமூகப் பணியாளர்களுக்கு ஆன்லைனில் நுகர்வோர் உரிமைச் சட்டப் பயிற்சி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. நான் 3,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை பக்கத்து அக்காக்களும் சேர்ந்தார்கள். கிடைத்தது காலாவதியான சட்டமும், கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும்தான்.

தினமும் சாயங்காலம் வக்கீல்கள் நேரலையில் பாடம் எடுப்பார்கள், சந்தேகம் கேட்கலாம் என்றார்கள். வந்ததெல்லாம் எப்போதோ பதிவு செய்த வீடியோக்கள். நேரலை என்று ஓரிரு முறை ஒருவர் வந்தார், அவ்வளவுதான்.

அதைக்கூட விட்டுவிடலாம். சொல்லிக் கொடுத்ததே தப்பு என்பதுதான் பெரிய விஷயம். வீடியோ முழுக்க 1986-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட மன்றம், 20 லட்ச ரூபாய் வரம்பு என்று பாடம் ஓடுகிறது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மன்றம் இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நாம் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.

பழைய பாடம் படித்தால் என்ன கெட்டுப்போகும் என்று நினைக்கலாம். எங்கள் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். காபித் தோட்டத்து வேலைக்குப் போகிற ஓர் அக்கா, குழுக் கடனில் ஆன்லைனில் தையல் மெஷின் வாங்கியிருந்தார். வந்த கொஞ்ச நாளில் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. கம்பெனி பெங்களூரில். எங்களில் ஒருவர் இதை அந்த நேரலையில் கேட்டார். "கம்பெனி எங்க இருக்கோ அங்க போய்த்தான் கேஸ் போடணும்மா. செலவு கட்டாது, விட்டுருங்க" என்று பதில் வந்தது. கடன் தவணை மாசாமாசம் கட்டிக்கொண்டிருக்கிற பெண்ணுக்குச் சொன்ன பதில் இது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்டேன். வாங்கியவர் குடியிருக்கிற இடத்திலோ வேலை பார்க்கிற இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று புதுச் சட்டம் சொல்கிறது. ஏற்காட்டுக்காரர் சேலத்திலேயே கொடுக்கலாம். விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. இத்தனையும் காசு வாங்காமல் அங்கே சொன்னார்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மலையாளி என்ற பழங்குடி மக்கள் இத்தனை பேர் வாழும் மலையில் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி. அந்தக் கோர்ஸில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்து அந்த அட்டை. இதற்குத் தனியாக 750 ரூபாய் வாங்கினார்கள். சிவப்பு நாடா, நம் போட்டோ, மேலே சிங்கமுகச் சின்னம். பெரிய எழுத்தில் "நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர், சேலம் மாவட்டம்". அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் "நிறுவன உறுப்பினர்களுக்கு மட்டும்". அரசுச் சின்னத்தை இப்படி இஷ்டத்துக்குப் போடக்கூடாது என்று 2005-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இதை மாட்டிக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைந்தால் ஆள்மாறாட்டம் என்று நம் மேல்தான் புகார் வரும். போனில் பேசிய பெண் சொன்னது இன்னும் மோசம்: "இதைக் காட்டி ஒரு மனுவுக்கு 500 ரூபாய் வாங்கலாம் மேடம், போட்ட காசை எடுத்துரலாம்." கட்டணமே இல்லாத மனுவுக்கு, கூலி வேலை பார்க்கிற சனங்களிடம் 500 ரூபாய்! அட்டை வைத்திருக்கிறவர்கள் யாரும் அதை வெளியே எடுக்காதீர்கள், ஆனால் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். அதுதான் சாட்சி.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் போட்டேன். எக்காரணம் கொண்டும் கட்டிய பணம் திரும்பத் தரப்படாது என்று பதில். அப்படி ஒரு வரியை எழுதி வைத்துவிட்டதால் நம் புகார் உரிமை போய்விடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதன்பிறகு பயிற்சிக்காரர்களே போன் செய்து, "நாங்க கல்வி நிறுவனம், எங்க மேல நுகர்வோர் கேஸ் நிக்காது" என்று மிரட்டினார்கள். அதிலும் பாதி உண்மைதான். பள்ளி, கல்லூரி தரும் கல்வி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. ஆனால் பயிற்சி மையங்கள் அப்படியில்லை, அவை சட்டத்துக்குள் வரும் என்று அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. இவர்களோ எந்தப் பல்கலைக்கழகத்தோடும் சேராத பயிற்சிக் கம்பெனி. சேவைக் குறைபாடு, ஏமாற்று விளம்பரம் என்று மாவட்ட ஆணையத்தில் ஆன்லைனிலேயே புகார் கொடுத்துவிட்டேன். இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

உண்மையிலேயே இந்த வேலையைக் கற்க ஆசைப்படுகிறவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். ஆள் எடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் அவர்களே, பணம் கட்டத் தேவையில்லை. வர முடியாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்து விசாரிக்கலாம்.

ஏற்கெனவே பணம் கட்டிய ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கேள்வி கேட்கிறவர்களை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குகிறார்கள், பழைய விளம்பரங்களையும் அழிக்கிறார்கள். பணம் போன ரசீது, விளம்பரம், அட்டையின் இரண்டு பக்கம் எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட்டோ போட்டோவோ எடுத்து வையுங்கள். புகார் கொடுக்க 2 வருடம்தான் அவகாசம். ஆணையத்தின் அனுமதியோடு பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்தே ஒரே புகாராகக் கொடுக்கவும் வழி இருக்கிறது. சேர விருப்பம் உள்ளவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள்.